கையெழுத்து நம்முடையது, சொல் யாருடையது?



அரிசி மூட்டை ஒன்று கடை வாசலில் வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கொண்டுவந்தவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்து, பல்லில் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். சரக்கின் உண்மையைச் சரக்கிடமே கேட்க வேண்டும் என்பது வியாபாரத்தின் முதற்பாடம்.

அதே நாம், நோயுற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தாதி குனிந்து, "எங்கே தம்பி வலிக்கிறது?" என்று பிள்ளையைக் கேட்கிறார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நாம் முந்திக்கொள்கிறோம். "நேற்று இராத்திரி ஐஸ் தண்ணீர் குடித்தான் மிஸி, அதுதான் காய்ச்சல், வேறொன்றும் இல்லை." தாதி மறுபடியும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். நமக்குச் சற்றுக் கோபம் வருகிறது. "தகப்பன் நானிருக்க இவனிடம் என்ன கேள்வி? ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று மனத்திற்குள் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தக் கோபம் நியாயமானதா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. பிள்ளைக்கு நாம் வலீ, அதாவது பொறுப்பாளர். அவனுக்காகக் கையெழுத்திடும் உரிமை மார்க்கத்திலும் நாட்டுச் சட்டத்திலும் நமக்கு இருக்கிறது. அந்த உரிமையோடு, அவனுக்காகப் பேசிவிடும் உரிமையும் சேர்ந்து வருகிறதா? டாக்டர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்போல இது தோன்றலாம். ஆனால் இது அமானத்தைப் பற்றிய கேள்வி. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சிறு உயிரை எப்படிப் பேணுகிறோம் என்பதைப் பற்றிய கேள்வி. ஆகவே பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தாதியின் கண்

நோயாளியைப் பேணும் தொழில் நமக்கு அந்நியமானதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி கூடாரம் அமைத்துக் காயம்பட்டோரைக் கவனித்தார் என்பதும், அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அந்தக் கூடாரத்திலேயே வைத்துப் பேணப்பட்டார் என்பதும் வரலாறு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வாழ்ந்த ஹகீம் அர்-ராஸி, குழந்தைகளின் நோய்களைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். பிள்ளையின் நோயைப் பெரியவர் நோயோடு சேர்த்துக் கட்டிவிடாமல் தனியாகப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் நம் முன்னோரிடமே இருந்தது.

இன்று பயிற்சி பெற்ற தாதி என்ன செய்கிறார் என்பதைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே, அறை வாசலில் நின்றபடி அவர் மூன்றைப் பார்த்துவிடுகிறார். முதலாவது தோற்றம்: பிள்ளை விழித்துப் பார்க்கிறதா, தாயின் முகத்தைத் தேடுகிறதா, அன்றி நனைந்த துணிபோலத் துவண்டு கிடக்கிறதா? இரண்டாவது மூச்சு: மூக்குத் துவாரம் விரிகிறதா, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குகிறதா, முனகல் கேட்கிறதா? மூன்றாவது தோலின் நிறம்: வெளுத்திருக்கிறதா, திட்டுத்திட்டாய் இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா? இவ்வளவுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

பின்னர் மூச்சை எண்ணுகிறார். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுகிறார். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தை, இரண்டு மாதம் நிரம்பாததாயின் நிமிஷத்திற்கு 60 முறையும், 2 மாதம் முதல் 12 மாதம் வரையாயின் 50 முறையும், 1 வயது முதல் 5 வயது வரையாயின் 40 முறையும், அல்லது அவற்றிற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. "கொஞ்சம் வேகமாக மூச்சு விடுகிறான்" என்று நாம் குத்துமதிப்பாகச் சொல்வதை அவர் எண்ணிக்கையாக்கி எழுதிக்கொள்கிறார்.

அடுத்தது நிறுவை, நமக்குப் பழக்கமான வேலை. பிள்ளைகளுக்குரிய மருந்தின் அளவு பெரும்பாலும் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதினால், 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். "போன மாதம் 18 கிலோ இருந்தான், அதையே போட்டுக்கொள்ளுங்கள்" என்று நாம் சொன்னாலும் நல்ல தாதி கேட்கமாட்டார். தராசில் ஏற்றிப் பார்த்தே தீருவார். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைத் திருமறை ஒரு தனி அத்தியாயத்திலேயே கண்டிக்கிறது என்பதை அறிந்த நமக்கு, அந்தப் பிடிவாதத்தின் அருமை விளங்காமற் போகாது.

ஆனால் வலிக்குத் தராசு கிடையாது. வலியை நிறுக்க வேண்டுமானால் வலிப்பவனைத்தான் கேட்க வேண்டும். இதற்காக 1980களில் அமெரிக்காவில் டோனா வாங் என்னும் தாதியும் கோனி பேக்கர் என்னும் குழந்தை நலப் பணியாளரும் சேர்ந்து, பிள்ளைகளையே முகங்கள் வரையச் செய்து, அவற்றிலிருந்து ஆறு முகங்கள் கொண்ட ஓர் அட்டையை உருவாக்கினர். சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் அது முடிகிறது. மூன்று வயதுப் பிள்ளைகூடத் தன் வலி எந்த முகம் என்று விரல் வைத்துக் காட்டிவிடும். பேசத் தெரியாத குழந்தைக்கு 1997-ல் வேறோர் அளவு வந்தது. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்னும் ஐந்துக்கும் 0 முதல் 2 வரை எண்ணிட்டுக் கூட்டினால், 10-க்குள் ஒரு தொகை கிடைக்கும். அது அந்தக் குழந்தையின் வலிக் கணக்கு.

ஆகவே தாதி செய்வதெல்லாம் ஒரே வேலைதான். பிள்ளையிடமே கேட்டறிதல். வாயால் சொல்ல முடிந்தவனை வாயால் கேட்கிறார். முடியாத சிசுவின் மூச்சையும் தோலையும் காலையும் கேட்கிறார்.

அப்படியானால் பெற்றோர் சொல்லுக்கு மதிப்பில்லையா? நிரம்ப உண்டு. "என் பிள்ளை இன்று எப்போதும்போல் இல்லை, மிஸி" என்று ஒரு தாய் சொன்னால், நல்ல தாதி அதை இலேசாக விடமாட்டார். ஆனால் தாயின் சொல் ஒரு சாட்சியம். பிள்ளையின் சொல் மற்றொரு சாட்சியம். ஒரு சாட்சியைக் கொண்டு மற்றொரு சாட்சியின் வாயை மூடுவது எந்த வழக்கிலும் நீதியாகாது.

அடங்கிய பிள்ளை

"பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்னும் எண்ணம் நம்மிடம் மட்டும் இருந்ததன்று, பெரும் படிப்பாளிகளிடமும் இருந்தது. 1950களில் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோருக்குச் சொற்ப நேரமே அனுமதி கிடைத்தது. பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் சில நாட்களில் அடங்கிவிடுகிறது. ஆகவே வராமலிருப்பதே பிள்ளைக்கு நல்லது என்பது அவர்களுடைய வாதம். 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர், இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டு நாட்கள் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்ததைப் படம் பிடித்துக் காட்டினார். அந்தக் குழந்தை பெரும்பாலும் கத்தவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தது, பார்க்க வந்த தாயிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "சமர்த்தாக இருக்கிறது" என்று பெரியவர்கள் நினைத்தது சமர்த்தன்று, துயரம். 1959-ல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்றும், சிறு குழந்தையோடு தாய் தங்குவதற்கு வசதி செய்ய வேண்டும் என்றும் கூறியது. இன்று நம் பிள்ளையின் கட்டிலருகே நாம் இரவு தங்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தக் குழந்தையின் மௌனமும் இருக்கிறது.

இதைவிடக் கசப்பான செய்தியும் உண்டு. பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப்போல வலி தெரியாது என்று எண்ணி, 1980களிலும் பல இடங்களில் போதிய வலி மருந்தின்றிப் பச்சிளங்குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. 1987-ல் ஆனந்த், ஹிக்கி என்னும் இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை, அவ்வெண்ணம் தவறென்று சான்றுகளோடு எடுத்துக்காட்டியது. அக்குழந்தைகள் அத்தனை காலமும் தம் வலியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. கேட்டவர்கள் அதைச் சொல்லாக மதிக்கவில்லை.

நிற்க. தூர தேசத்துச் செய்தி போதும். நம் ஊருக்கு வருவோம். 1962-ல் பினாங்கில் இரத்தக்கசிவு டெங்கிக் காய்ச்சல் முதன்முதல் கண்டறியப்பட்டது. அன்று தொட்டு இந்நோய் மலேசியாவையும் சிங்கப்பூரையும் விட்டபாடில்லை. இந்தக் காய்ச்சலின் சூழ்ச்சி யாதெனில், காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே ஆபத்து ஏறுகிறது. நோய் கண்ட மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்புச் சூடு தணியும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறத் தொடங்குகிறது. இரத்தம் கெட்டிப்படுகிறது, கைகால் சில்லிடுகிறது, நாடி தளர்கிறது. தக்க நேரத்தில் கவனித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கவனியாவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் காலை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த தகப்பனார், "அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டது" என்று மகிழ்ந்து கடைக்குப் புறப்படுகிறார். பிள்ளை மெல்ல, "அத்தா, வயிறு வலிக்குது" என்கிறது. "நாலு நாளாய்ச் சாப்பிடாத வயிறு, அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகாமலிருக்க இது ஒரு சாக்கு" என்று அவர் சொல்லிவிடுகிறார்.

சகோதரர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் பிள்ளையிடமிருந்து வந்த தந்தி. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவு மீறிய சோர்வு அல்லது நிலைகொள்ளாமை ஆகியவை டெங்கியின் அபாய அறிகுறிகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ளது. இவற்றில் வயிற்று வலியை வெளியிலிருந்து கண்ணால் காண முடியாது. பிள்ளை சொன்னால்தான் உண்டு. தாதி அந்தச் சொல்லை நம்புகிறார். நம்பியதோடு நில்லாமல் சோதிக்கிறார். விரல் நுனியை ஐந்து வினாடி அழுத்திவிட்டு, சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்கு மேலாகிறதா என்று பார்க்கிறார். காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று கேட்கிறார். இரத்த அழுத்தத்தில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி குறுகுகிறதா என்று கவனிக்கிறார். அது 20 அல்லது அதற்குக் கீழ் வந்துவிட்டால் உடனே டாக்டரை அழைக்கிறார். டெங்கி என்ற ஐயம் இருக்கும்போது ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். ஆகவே அவற்றைக் கடையில் வாங்கி நாமாகக் கொடுக்கலாகாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

பிள்ளையின் சொல்லைக் கேட்பது வெறும் மரியாதை என்று எண்ணியிருந்தோமானால், இப்போது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சில வேளைகளில் உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பது அந்தச் சொல் ஒன்றுதான்.

பேரமும் ஒப்பந்தமும்

இனி, "பேச விட்டால் பிள்ளை ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம் என்றல்லவா சொல்லும்? அதையும் கேட்டு நடக்க வேண்டுமா?" என்று சிலர் வினவுவர். நல்ல கேள்வி. இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களிலேயே ஒரு வழி தென்படுகிறது.

அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்குமுன் அவர்களுடைய அறிவைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் வரும் கட்டளை. இதற்கு விளக்கம் சொல்ல வந்த ஷாஃபியீ மத்ஹபின் அறிஞர்கள், வியாபாரியின் மகனை எப்படிச் சோதிப்பது என்று தனியாகவே எழுதினார்கள். அவனைப் பேரம் பேச விட வேண்டும். விலை கேட்கட்டும், குறைத்துப் பேசட்டும், சரக்கின் குணங்குற்றம் சொல்லட்டும். ஆனால் பருவமடையாதவன் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகையால் பேரம் படிந்ததும் ஒப்பந்தத்தை வலீ செய்து முடிக்க வேண்டும். இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜில் இச்சட்டம் இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபோ, நன்மை தீமை பிரித்தறியும் வயதுடைய பிள்ளை வலீயின் அனுமதியோடு செய்த வியாபாரம் செல்லும் என்கிறது.

இந்தச் சட்டத்தின் அழகைப் பாருங்கள்! பேரம் பிள்ளையுடையது, ஒப்பந்தம் பெரியவருடையது. ஒப்பந்தத்தில் அதிகாரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையின் வாயை யாரும் கட்டவில்லை. பேசுவதற்கு உரிமை கொடுத்ததால் பெரியவரின் பொறுப்பும் குறையவில்லை. ஆஸ்பத்திரியிலும் இதே முறை பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். எங்கே வலிக்கிறது, எதற்குப் பயம், எந்த மருந்து குமட்டுகிறது, யார் அருகிலிருக்க வேண்டும் என்பனவெல்லாம் பிள்ளை பேச வேண்டியவை. அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா என்னும் தாளில் கையெழுத்து நம்முடையது. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்டு, அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்க மதிப்புத் தர வேண்டும் என்றே கூறுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995-ல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தன. புதிதாக யாரோ சொன்னதன்று. நம் சந்தையில் முன்பே நடந்த முறை.

கேட்பதிலும் ஒரு நாணயம் வேண்டும். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு முறை பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கத்தில் ஒரு சிறுவர், இடப்பக்கத்தில் முதியவர்கள். முறைப்படி வலப்பக்கத்தவருக்கே முதலில் உரிமை. ஆகவே முதியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அவர்கள் அச்சிறுவரிடமே அனுமதி கேட்டார்கள். சிறுவர் இணங்கவில்லை. நபிகளார் கோபிக்கவில்லை, பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணப்படும் செய்தி இது. மறுக்கும் உரிமை சிறுவருக்கு இருந்தது, ஆகவே கேட்டார்கள். கேட்டபின் பதிலை மதித்தார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், மதிக்க முடியாத கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கலாகாது. ஊசி போட்டே ஆக வேண்டிய வேளையில் "ஊசி போடலாமா?" என்று கேட்பதும், "வேண்டாம்" என்றதும் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதும், விற்கப்போவதில்லை என்று தீர்மானித்த சரக்குக்கு விலை கேட்கச் சொல்வதற்கு ஒப்பாகும். அனுபவமுள்ள தாதி அப்படிக் கேட்பதில்லை. "ஊசி போட வேண்டியிருக்கிறது. இடக்கையில் போடட்டுமா, வலக்கையிலா? அத்தா மடியில் உட்கார்ந்துகொள்கிறாயா, கட்டிலில் படுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்கிறார். இவை பிள்ளை தீர்மானிக்கக்கூடியவை. சொன்னபடியே செய்கிறார்.

"வலிக்கவே வலிக்காது" என்று நாம் சொல்கிறோமே, அதையும் யோசிக்க வேண்டும். ஒரு பெண்மணி தம் பிள்ளையை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன தர எண்ணினீர் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் அது பொய்யாகவே எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தை நபிகளார் தெரிவித்ததாக அபூதாவூதில் வருகிறது. பிள்ளையிடம் சொன்ன பொய்யும் பொய்தான். அதிலும் ஆஸ்பத்திரியில் சொல்லும் பொய்க்கு வட்டியும் சேர்ந்துகொள்கிறது. இன்று வலிக்காதென்று ஏமாற்றப்பட்ட பிள்ளை, நாளை "மூச்சை நன்றாக இழு, சரியாகிவிடும்" என்று தாதி உண்மையே சொன்னாலும் நம்பாது. "சுருக்கென்று வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு நமக்குச் செலவொன்றும் இல்லை.

வளர்ந்த பிள்ளையின் அறை

சிறு பிள்ளை விஷயத்தில் இவ்வளவும் ஒப்புக்கொண்டவர்களும், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளை விஷயத்தில் தயங்குவதுண்டு. தாதி நம்மைப் பார்த்து, "ஐயா, சற்று வெளியே உட்காருங்கள், தம்பியிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும்" என்கிறார். நமக்குச் சுருக்கென்கிறது. "என் பிள்ளைக்கு என்னிடம் இல்லாத இரகசியம் என்ன?" என்கிறோம்.

வளரிளம் பருவத்தினரிடம் கேட்க வேண்டியவற்றுக்கு மருத்துவ உலகில் ஒரு வரிசை உண்டு. 1972-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹார்வி பெர்மன் என்னும் மருத்துவர் தொடங்கி, பின்னர் மற்றவர்கள் செப்பனிட்டது. வீட்டில் எப்படி இருக்கிறது, படிப்பு எப்படி, நண்பர்கள் யார், புகையோ போதையோ உண்டா, ஆண் பெண் உறவு பற்றிய குழப்பம் ஏதேனும் உண்டா, மனம் சோர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று இலேசானதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகச் செல்லும் முறை அது. இவற்றுக்குத் தகப்பனார் முன்னிலையில் எந்தப் பையன் உண்மை சொல்வான்? மாதவிலக்குத் துன்பத்தை வாப்பா பக்கத்தில் நிற்க எந்தப் பெண் வாய்திறந்து சொல்வாள்? நாம் ஊட்டி வளர்த்த வெட்கமே அவளைத் தடுக்கும். நாம் எழுந்து வெளியே போவது அந்த வெட்கத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

மார்க்கத்தைக் கொண்டு நோக்கினால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. பருவமடைந்த நாள் முதல் அவன் தொழுகைக்கு அவனே பொறுப்பு. அவன் நோன்புக்கு அவனே பொறுப்பு. மறுமையில் அவன் கணக்கை அவனே ஒப்புவிக்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாது. படைத்த இறைவனிடமே தானாகப் பதில் சொல்லத் தக்கவன் என்று நாம் நம்புகிற ஒருவன், ஒரு தாதியின் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லத் தகாதவன் என்பது எப்படிப் பொருந்தும்?

ஓர் உதாரணம். முதல் வகை நீரிழிவு உள்ள பையன். நாள்தோறும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். ரமளான் வருகிறது. கூட்டாளிகள் எல்லாரும் நோன்பு. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை. தகப்பனாரும் நாலுபேர் முன்னிலையில், "என் மகன் ஒரு நோன்புகூட விடமாட்டான்" என்று பெருமையாகச் சொல்கிறார். பையன் என்ன செய்வான்? சர்க்கரை குறைந்து வியர்த்து நடுங்கினாலும் மறைப்பான். அல்லது, சாப்பிடாத வேளைக்கு ஊசி எதற்கு என்று தானாகவே ஊசியை விட்டுவிடுவான். இன்சுலின் நின்றால் உடம்பில் அமிலம் ஏறும், வாந்தி வரும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும், மூச்சில் பழவாசனை வீசும், கவனியாவிட்டால் நினைவு தப்பும். தகப்பனார் முன்னிலையில் கேட்டால், "ஊசியெல்லாம் சரியாகப் போடுகிறேன்" என்றுதான் அவன் சொல்வான். தனியே கேட்டால், "அத்தா வருத்தப்படுவார் என்று சொல்லவில்லை" என்பான். நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளப் பையன் கூசுவதற்குக் காரணம் நம்முடைய பெருமையானால், அதற்கு யார் பொறுப்பு? நோன்பு நோற்கலாமா, எப்படி என்பதை டாக்டரும் மார்க்கமறிந்தவரும் சேர்ந்து ரமளானுக்கு முன்பே சொல்லட்டும். பையனையும் உட்கார வைத்துப் பேசட்டும்.

"பையன் சொன்ன இரகசியம் எங்களுக்குத் தெரியாமலே போய்விடுமா?" என்று அஞ்ச வேண்டாம். நல்ல தாதி தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிடுகிறார். "நீ சொல்வது என்னோடு இருக்கும்; ஆனால் உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தானாலும், யாராவது உன்னைத் துன்புறுத்தினாலும் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும்." அமானத்துப் பொருளை வாங்கி வைப்பவர் நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுவது போன்றது இது. பெரும்பாலும், "இதை நீயே அத்தாவிடம் சொல், நான் கூட இருக்கிறேன்" என்றுதான் அவர் ஊக்குவிப்பார். வெளியே உட்கார்ந்த அந்தப் பத்து நிமிஷம், பல வீடுகளில் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே அடைத்துக் கிடந்த கதவைத் திறந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

நம் முன்னோர்களில் பலர் குடும்பத்தை நாகூரிலும் கடையநல்லூரிலும் கூத்தாநல்லூரிலும் விட்டுவிட்டு இங்கே கடை நடத்தினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்னும் கடிதம் கப்பலேறி வந்து சேர்வதற்குள் பிள்ளை எழுந்து விளையாடியிருக்கும். அல்லது அடக்கமும் முடிந்திருக்கும். பிள்ளையின் குரலைக் கேட்க அவர்களுக்கு வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. ஒரே ஊரில், பத்து நிமிஷத் தூரத்தில் இருந்துகொண்டு, "கடையில் ஆள் இல்லை, நீயே கூட்டிக்கொண்டு போ" என்று வீட்டாரிடம் சொல்லிவிடுகிறோம்; போனாலும் பிள்ளைக்குப் பதில் நாமே பேசிவிட்டுத் திரும்புகிறோம். கடலுக்கப்பால் இருந்தவர்களுக்கு இருந்த சமாதானம் நமக்கு இல்லை.

சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை ஒன்றை வளர்த்து, அது இறந்துபோனதால் வாடியிருந்த அபூ உமைர் என்னும் சிறுவரிடம், அந்தப் பறவை என்ன ஆயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் பரிவோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே தாங்கி நடத்திய தலைவருக்கு, ஒரு பையனின் பறவையைப் பற்றிக் கேட்க நேரமிருந்தது. நமக்கு நேரமில்லை என்று சொல்ல நாம் யார்?

ஆகவே அடுத்த முறை தாதி குனிந்து பிள்ளையிடம் கேட்கும்போது, நாம் சற்று வாய்மூடி நிற்போமாக. பிள்ளை சொல்லி முடித்த பிறகு, நாம் கண்டதை நாம் சொல்லலாம். எத்தனை நாள் காய்ச்சல், என்ன மருந்து கொடுத்தோம், எந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லலாம். பிறகு கையெழுத்திடுவோம். அப்படி இடும் கையெழுத்தில், பிள்ளையின் சொல்லையும் கேட்ட நிம்மதி இருக்கும்.

நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹுத் தஆலா பூரண சுகத்தை அளிப்பானாக! இரவு பகலாய் அவர்களைப் பேணும் தாதியருக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், நற்கூலி நல்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தின் குரலைக் கேட்கும் செவியை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.